பாதையியல், சரவணம்பட்டி உரையுடன்

கொங்கு நாட்டுக்கு இலக்கணம் எழுதுவதும் புதிதல்ல, எழுதியதற்கு உரை காண்பதும் புதிதல்ல. நன்னூல் செய்த பவணந்தி முனிவரைப் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கத்தார் விட்டுக்கொடுக்காமல் சொல்லி வருகிறார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நிரம்பை ஊர்க்காரர். அதுவும் விசயமங்கலத்து வட்டாரந்தான். அப்படிப்பட்ட நாட்டில், சரவணம்பட்டியில் ஒருவர் ஷெல் ஸ்கிரிப்டுக்குப் பேட்ச் எழுதுகிறார், இன்னொருவர் அதற்கு ரிவியூ எழுதுகிறார், இருவருக்கும் கைக்கொள்ள ஓர் இலக்கணம் இல்லை என்றால் முன்னோர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அக்குறை தீர்க்க இந்நூல் செய்யப்பட்டது.

பாயிரம் இல்லாததை நூலென்று யாரும் மதிப்பதில்லை; ஆகவே அதை விரைந்து முடித்துவிடுவோம். எல்லை: கணபதி தாண்டியதிலிருந்து கோவில்பாளையம் வரைக்கும் உள்ள சத்தி ரோடு, அதிலிருந்து கீரணத்தத்துக்கும் துடியலூருக்கும் பிரிகிற ரோடுகள், அவற்றின் ஓரத்தில் நிற்கும் கண்ணாடிக் கட்டடங்கள். 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்கிற வரை பேரூராட்சியாக இருந்த ஊர் இது. நுதலிய பொருள்: ஒரு கட்டளை கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்று ஷெல்லிடம் கேட்கும் முறைகள், அந்த முறையை மாற்றுகிற பேட்ச்சை மதிப்பிடும் முறைகள். கேட்போர்: வெள்ளிக்கிழமை பொழுதோட ‘சித்தெ பாத்து அப்ரூவ் பண்ணிருங்க’ என்று மெசேஜ் வரப்பெற்றோர். பயன்: திங்கட்கிழமை காலையில் ஃபோன் வராமை.

இனி மூலபாடம். ஒரு டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட். வேலையைத் தொடங்கும் முன் கர்ல், ஜேக்யூ, டார், கில் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று ஒரு ஃபார் லூப்பில் பார்க்கிறது. பழைய பாடம், ‘விச்’ தரும் விடையை வாங்கி, அந்தக் கோப்பு இயங்கத்தக்கதா என்று ‘-எக்ஸ்’ போட்டுச் சோதித்தது. புதிய பாடத்தில் விச் இருந்த இடத்தில் ‘கமாண்ட் -வி’ வந்து உட்கார்ந்திருக்கிறது; மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதே. பிறகு, பைத்தான் எங்கே என்று கேட்டு அதன் முழுப் பாதையை ஒரு வேரியபிளில் போட்டு வைக்கும் வரி. அங்கும் இதே மாற்றம். கமிட் செய்தி இரண்டு சொல்: ‘விச் ஃபிக்ஸ்’. நூலாசிரியர் கோபிப் பக்கத்துத் தம்பி, வேலைக்குச் சேர்ந்து வருஷம் திரும்பவில்லை. உரையாசிரியர் குழுவின் மூத்த அக்கா.

“டெபியன்ல விச்சைத் தூக்கறாங்கன்னு சொன்னாங்கக்கா, அதான் மாத்திட்டனுங்க” என்றார் தம்பி. அந்தச் செய்தியின் மெய்யும் பொய்யும் பின்னால் வரும். முதலில் வினா வகை.

உளதோ எனலும், எங்கெனக் கேட்டலும்,
எதுவாய் நிற்கும் என்றலும் மூன்றே.

இது நம் நூற்பா. இதன் பொருள்: கட்டளையைத் தேடுகிற யாரும் மூன்று கேள்விகளில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறதா என்பது முதலாவது. அது எந்தக் கோப்பு என்பது இரண்டாவது. இந்தப் பெயரை இங்கே அடித்தால் ஷெல் எதை இயக்கும் என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றுதானே என்பார் சிலர். ஒரு பெயர் ஷெல்லுக்குள் ஆறு வேடம் போடும்: அலியாஸ், ஷெல்லின் ஒதுக்கப்பட்ட சொல், ஃபங்ஷன், ஷெல்லுக்குள்ளேயே கட்டப்பட்ட பில்ட்-இன், முன்பு தேடி நினைவில் வைத்த ஹேஷ் பதிவு, கடைசியாகத்தான் டிஸ்க்கில் கிடக்கும் கோப்பு. முதல் ஐந்தும் கைவிட்ட பிறகோ, இருக்கும் பதிவு பழசாகிப் போன பிறகோதான் பாத் வரிசைக்கு வேலை. கோலன் இட்டுப் பிரித்த டைரக்டரிகளின் அந்த வரிசை, 1979இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீவ் போர்னின் ஷெல்லோடு நிலைபெற்றது. அதில் இரண்டு கோலன்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாவிட்டால் ‘நீ இப்போது நிற்கும் டைரக்டரி’ என்று பொருள். தொக்கி நிற்பதற்கு இதைவிட ஆபத்தான எடுத்துக்காட்டை எந்த இலக்கண நூலும் தரவில்லை.

விடை தருவோரில் மூத்தவர் விச். பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லின் காலத்தவர், அதே ஷெல்லில் எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட். சி-ஷெல் பயன்படுத்துவோரின் அலியாஸ்களையும் அறிந்து சொல்ல வேண்டும் என்பதற்காக, கேட்டவரின் வீட்டுக் கோப்பான சிஎஸ்எச்ஆர்சியை ஒருமுறை படித்துவிட்டுத்தான் அவர் வாய் திறப்பார். கேட்டவர் வேறு ஷெல்லில் இருந்தாலும் அதே மரியாதைதான். அதாவது ஒருவர் கேட்ட கேள்விக்கு வேறொருவர் வீட்டு நிலவரத்தைச் சொல்வார். சோலாரிஸ் முதலான பழைய யூனிக்ஸ்களில் இவர் செய்த வேலை இன்னும் விசேஷம். கட்டளை இல்லையென்றால், ‘இன்னின்ன டைரக்டரிகளில் இன்னது இல்லை’ என்று ஒரு முழு வாக்கியத்தைச் சாதாரண வெளியீட்டிலேயே அச்சிட்டு, வெளியேறும்போது ‘வெற்றி’ என்ற குறியீட்டைத் தந்துவிட்டுப் போவார். அதை வேரியபிளில் வாங்கிய ஸ்கிரிப்ட், வேரியபிள் காலியாக இல்லை, ஆகவே கட்டளை இருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த வாக்கியத்தையே கட்டளையாக ஓட்டப் பார்க்கும். ‘நோ’ என்று ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இந்த விச் ஒருவரே அல்லர், ஒரே பெயரில் பலர். க்னூ விச் தனி நிரல். பாத் வரிசை தவிர வேறெதையும் தானாக அறியாது. டெபியனுடையது சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். இசட்-ஷெல்லில் அதே பெயர் பில்ட்-இன். ஆகவே மேக்கில் டெர்மினலைத் திறந்து ‘விச் கில்’ என்று அடித்தால், அது ஷெல்லுக்குள் கட்டப்பட்டது என்று விடை வருகிறது. அதே மேக்கில் அதே வரியை எஸ்எச் ஸ்கிரிப்டுக்குள் போட்டால் ஒரு கோப்பின் பாதை வருகிறது. டெர்மினலில் அடித்துப் பார்த்துவிட்டு ‘எனக்கு வருதே’ என்று ரிவியூவில் எழுதுவோர் அனைவரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

வேர்இஸ் என்பவரும் பெர்க்லி மரபினர். நிரல், மூலம், கையேடு மூன்றையும் தமக்குத் தெரிந்த வழக்கமான இடங்களில் தேடிச் சொல்வார். ஷெல் எதை இயக்கும் என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவரைப் பற்றி நமக்கும் இல்லை.

டைப் என்பது சிஸ்டம் ஃபைவ் வழி வந்த பில்ட்-இன். மூன்றாம் கேள்விக்கு உண்மையான விடை சொல்லக்கூடியவர். ஆனால் மனிதரிடம் பேசுவதுபோல் வாக்கியமாகச் சொல்வார். ‘இது இன்ன இடத்தில் உள்ளது’, ‘இது ஹேஷ் செய்யப்பட்டுள்ளது’ என்றெல்லாம் வரும் வாக்கியத்தை ஸ்கிரிப்டுக்குள் வெட்டி ஒட்டிப் பாதையை எடுப்பவர் பாவி. பாஷ் ஷெல்லில் அந்த வாக்கியம் கணினியின் மொழி அமைப்புக்கு ஏற்ப மொழிபெயர்ந்தும் போகும். அவர் சொல்வதைக் கேட்காமல் வெற்றியா தோல்வியா என்பதை மட்டும் பார்த்தால் முதல் கேள்விக்கு நல்ல சாட்சி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய கிட் திட்டத்தின் குறியீட்டு விதிகள் சொல்வது இதைத்தான்: கட்டளை இருக்கிறதா என்று அறிய விச் வேண்டாம், டைப் போதும், விச்சின் வெளியீடு இயந்திரம் படிக்கத் தக்கதல்ல, அதன் வெளியேற்றக் குறியீடு எல்லா இடத்திலும் நம்பத் தக்கதல்ல.

டேவிட் கார்னின் ஷெல்லில் வென்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவருடைய வேலையைப் பொதுவில் செய்ய வந்தவரே கமாண்ட் -வி. 1992இல் வந்த போசிக்ஸ் ஷெல் தரநிலையில் இடம் பெற்றார். ஆனால் -வி என்ற அந்த வாலை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்ற பகுதியில்தான் போட்டிருந்தார்கள். 2008 பதிப்பில்தான் அது கட்டாயம் ஆயிற்று. இவரிடம் பேச்சு இல்லை. கோப்பென்றால் முழுப் பாதையைச் சொல்வார். பில்ட்-இன், ஃபங்ஷன், ஒதுக்கப்பட்ட சொல் என்றால் வெறும் பெயரைத் திருப்பிச் சொல்வார். அலியாஸ் என்றால் அதன் வரையறையையே தருவார். ஒன்றுமில்லையென்றால் வாய் மூடித் தோல்விக் குறியீட்டோடு வெளியேறுவார்.

‘வெறும் பெயரைத் திருப்பிச் சொல்வார்’ என்ற இடத்தைப் படிப்பவர் இரண்டாம் முறை படிக்க வேண்டும். நம் பேட்ச் கவிழ்ந்த இடம் அது.

கில் என்பது பாஷ், டேஷ், பிசிபாக்ஸ் மூன்றிலும் பில்ட்-இன். விச்சிடம் கேட்டபோது அவர் ஷெல்லின் உள்விவகாரம் அறியாதவராதலால், டிஸ்க்கில் கிடந்த கில் கோப்பின் பாதையைத் தந்தார். -எக்ஸ் சோதனை தேறியது. கமாண்ட் -வியிடம் கேட்டால், உள்ளதை உள்ளபடி, ‘கில்’ என்று மட்டும் சொல்கிறார். அந்தச் சொல்லை -எக்ஸ் சோதனை கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு, இப்போதைய டைரக்டரியில் கில் என்று ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. ஆகவே, யூனிக்ஸின் தொடக்க காலந்தொட்டு இருக்கும் கட்டளை இந்த சர்வரில் நிறுவப்படவில்லை என்று அறிவித்துவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. தவறான விடை தருபவரோடு ஒத்துப்போன சோதனை, சரியான விடை தருபவர் வந்ததும் உடைந்தது. முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாம் கேள்விக்கான விடையை எதிர்பார்த்ததன் பயன் இது.

“செரி கண்ணு, கில்லுக்கு என்ன பதில் வருதுன்னு ஓட்டிப் பாத்தியா?” என்று அக்கா கேட்டார். தம்பி கர்லுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்திருந்தார். கர்லுக்குச் சரியாகத்தான் வரும்.

-எக்ஸ் சோதனைக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. உபுண்டு 2006இல் தன் 6.10 பதிப்பில் எஸ்எச் என்ற பெயருக்கு டேஷ் ஷெல்லை அமர்த்தியது. டெபியனும் பின்னர் அப்படியே செய்தது. அந்த டேஷின் பல பதிப்புகளில் ஒரு குறை அறியப்பட்டிருக்கிறது: இயக்க அனுமதி இல்லாத கோப்பையும் கமாண்ட் -வி ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். அதற்காகத்தான் -எக்ஸ் போட்டோம் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர் கமிட் செய்தியில் சொல்லியிருக்க வேண்டும். மேலும், அனுமதியில்லாத கோப்பை இயக்கினால் ஷெல் 126 என்ற குறியீட்டோடும், இல்லாததை இயக்கினால் 127 என்ற குறியீட்டோடும் தானே முறையிட்டுக்கொள்ளும்.

நிலம் வகுக்காமல் இலக்கணம் ஏது? இதற்கும் ஐந்திணை உண்டு. மேக் மருதம்: வளமான நிலம், விலையும் அதிகம், 2019இல் கேட்டலினா பதிப்பிலிருந்து புதுக் கணக்குக்கு இசட்-ஷெல்தான் முதல் ஷெல், பாஷ் மட்டும் உரிமச் சிக்கலால் 3.2 பதிப்பிலேயே உறைந்து நிற்கிறது. உபுண்டு முல்லை: சர்வர் நிலம், பில்ட் முடியக் காத்திருத்தல் அதன் உரிப்பொருள். அல்பைன் பெயராலேயே குறிஞ்சி: சின்ன கன்டெய்னர், பிசிபாக்ஸே எல்லாம், பாஷ் தனியாகப் போட்டால்தான் உண்டு. விண்டோஸில் கிட் பாஷ் நெய்தல், இரங்கலுக்கு உரியது: பாதைக்கு நடுவே ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்று இடைவெளியோடு ஒரு டைரக்டரி வரும், பைத்தான்3 எங்கே என்றால் ஒரு பாதையைக் காட்டும், அதை இயக்கினால் பைத்தான் வராது, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஃபெடோரா குடும்பத்துச் சிறிய கன்டெய்னர்களில் பல பாலை: பிரிதல் அங்கே நடந்துவிட்டது, விச் நிரலே கிடையாது. அந்நிலத்தில் பழைய பாடம் நான்கு கட்டளைகளையுமே இல்லையென்று சொல்லும். ஆகவே தம்பி மாற்ற நினைத்தது சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு.

டெபியன் கதை இது. 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வெளிவந்த கையோடு, வளர்ச்சிக் கிளையில் இருந்த டெபியன்யூட்டில்ஸ் தொகுப்பின் விச், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ‘நான் ஓய்வுபெறப் போகிறேன், ஸ்கிரிப்டில் கமாண்ட் -வி பயன்படுத்துங்கள்’ என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கையைப் பிழை வெளியீட்டில் அச்சிடத் தொடங்கியது. பிழை வெளியீட்டில் ஓர் எழுத்து வந்தாலே தோல்வி என்று எழுதப்பட்டிருந்த சோதனைகள் ஆங்காங்கே விழுந்தன. அறிவுரை சரி, சொன்ன இடம் தவறு என்று பலர் முறையிட, விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போயிற்று. விச் தொடர வேண்டும், எச்சரிக்கை அச்சிடக் கூடாது என்பது குழுவின் முடிவு. ஷெல்செக் என்ற சோதனை நிரலும் விச்சைக் கண்டால் முன்பு எச்சரித்தது. பின்னாளில் அதைக் கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லும் வகைக்கு மாற்றிவிட்டது. ஆகவே ‘தூக்கறாங்க’ என்பது பழைய வதந்தி. பாலை நிலத்தில் அது ஏற்கனவே இல்லை என்பதுதான் வலுவான காரணம்.

உரையாசிரியர் வகைக்கு வருவோம். நன்னூல் மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து, கடை மாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் நெய்யரியையும் வைத்தது. நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கை மட்டும் தன்னிடம் தேக்கிக்கொள்ளும் வடிகட்டி. ரிவியூ உலகில் இவ்வகையினரே பெரும்பான்மை. கில் வரியை அப்படியே வழிந்தோட விட்டுவிட்டு, ‘இங்கே இரண்டு ஸ்பேஸா நான்கு ஸ்பேஸா?’ என்று பிடித்துக்கொள்வார்கள். பேக்டிக் குறியைப் பார்த்தால் டாலர் அடைப்புக்குறியாக மாற்றச் சொல்வார்கள். அது நல்ல யோசனைதான், கேள்வி அதுவல்ல. இவர்களுக்கு மேலே வரலாற்றாசிரியர்: யாரும் ஓட்டாத சோலாரிஸைப் பற்றி மூன்று பத்தி எழுதுவார். (இந்நூலாசிரியரும் மேலே எழுதியிருக்கிறார், நன்னூல் இதற்கு மற்றொன்று விரித்தல் என்று குற்றப்பெயர் வைத்திருக்கிறது.) பத்து விநாடியில் ‘செரிங்க’ போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் எந்த வகையிலும் சேரார், அவர்கள் படித்ததற்கே சான்று இல்லை. தலை உரையாசிரியரை அறிவது எளிது. அவர் வரியைத் திருத்துமுன், ‘இந்தப் பாதை உனக்கு எதுக்கு?’ என்று கேட்பார்.

அந்தக் கேள்வி பைத்தான் வரிக்கு உரியது. பாதையை வேரியபிளில் வாங்கி, அடுத்த வரியிலேயே அந்த வேரியபிளை இயக்குகிறது ஸ்கிரிப்ட். பைத்தான்3 என்று நேரே எழுதினால் ஷெல் அதே வரிசையில் தேடி அதையேதான் இயக்கப் போகிறது. இது நின்று பயனின்மை. சிலர், பின்னால் க்ரானில் போட உதவும் என்பார்கள். க்ரானுக்கு வாய்த்த பாத் மிகச் சுருங்கியது; சுடோ தனக்கென்று ஒரு பாதுகாப்பான பாதையை வைத்துக்கொள்ளும்; விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை இயக்கியவரின் பாத் வரிசை முன்னால் நீண்டிருக்கும்; பைஎன்வ் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது பைத்தானே அல்ல, பைத்தானைக் கூப்பிடும் ஓர் இடைத்தரகர். அதாவது விடை, கேட்ட ஷெல்லுக்கும் கேட்ட நேரத்துக்கும் மட்டுமே உண்மை. சிஸ்டம்டி யூனிட் கோப்பு எழுதுவதுபோல முழுப் பாதையை எழுதுவது வழக்கமான இடங்கள் உண்டு. அங்கேகூட, எந்தப் பயனர் ஓட்டப்போகிறாரோ அவர் நிலையில் நின்று கேட்க வேண்டும். பில்ட்-இன்னைத் தாண்டிக் கோப்பையே கண்டாக வேண்டும் என்றால், பாத் வரிசையைக் கோலனில் பிரித்து ஒவ்வொரு டைரக்டரியாக நடக்கும் லூப் ஒன்று எழுதலாம். ஆட்டோகான்ஃப் அப்படித்தான் செய்கிறது. காலி இடத்தின் பொருளை அறியாதவர் அதை எழுதப் புகவேண்டாம்.

குற்றங்களில் மீதி சுருக்கமாக. ‘விச் ஃபிக்ஸ்’ என்ற கமிட் செய்தி குன்றக் கூறல். அதே பேட்ச்சில் தொடர்பில்லாத வரிகளின் இண்டென்ட்டையும் மாற்றியிருந்தால் மிகைபடக் கூறல். தம்பி நல்லவேளையாக மாற்றவில்லை. மூன்று வாரம் யாரும் பார்க்காமல் கிடந்து, ஒரு பாட் வந்து பழசாகிவிட்டது என்று மூடிவிட்டுப் போகிற பேட்ச், சென்று தேய்ந்து இறுதல். இந்தக் குற்றம் நூலாசிரியரைச் சாராது.

கட்டளைகளை முன்கூட்டியே சோதிப்பதே தேவையா என்று ஒரு கட்சி கேட்கும். இயக்கிப் பார், இல்லையென்றால் 127 வரும் என்பது அவர்கள் நிலை. சின்ன ஸ்கிரிப்டுக்கு நானும் அந்தக் கட்சிதான். ஆனால் டிப்ளாய்மென்ட் பாதி வழியில், பழைய பதிப்பை கில் செய்துவிட்டு, டார் இல்லையென்று நின்றால் சர்வரில் எதுவுமே ஓடாது. இங்கே முன்சோதனை வேண்டும்.

ஆகவே இந்தப் பேட்ச்சுக்குத் தீர்ப்பு. விச்சை நீக்கியது ஏற்கப்படுகிறது. -எக்ஸ் சோதனையை எடுத்துவிட்டு, கமாண்ட் -வியின் வெளியீட்டை டெவ்-நல்லுக்கு அனுப்பி, அதன் வெற்றி தோல்வியை மட்டும் இஃப் பார்க்கட்டும். லூப்பில் கட்டளையின் பெயரைத் தாங்கும் வேரியபிளுக்கு இரட்டை மேற்கோள் போடவும். பைத்தான் பாதை வரியை நீக்கி, பெயரையே எழுதவும். சோதனைப் பட்டியலில் பைத்தான்3ஐச் சேர்க்கவும். கமிட் செய்தியில், விச் இல்லாத கன்டெய்னரிலும் ஓட வேண்டும் என்பதற்காக என்று காரணத்தை எழுதவும். உபுண்டுவிலும் அல்பைனிலும் ஒருமுறை ஓட்டிக் காட்டிய பின் மெர்ஜ் செய்யலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம்.